கேற்றடியிலிருந்து வாசல்வரை

எங்கட வீட்டில கேற் ஒரு இடம், வீடு இன்னொரு இடம். இரண்டுக்கும் இடையில 230 அடி. சும்மா சொல்லவில்லை, அக்காவும் நானும் தையல் ரேப்பால் குனிந்து குனிந்து அளந்தது. வட்டக்கச்சியில் அம்மப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி இது. றோட்டுப் பக்கம் மாரிக்கு வெள்ளம் நிக்கும் என்று அவர் வீட்டை உள்ளுக்குத் தள்ளி, மேட்டில் கட்டினாராம். நல்ல யோசனைதான். வீட்டுக்குள் ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை. ஆனால் அந்த நல்ல யோசனைக்கு இன்றுவரை முதுகால் கூலி கொடுத்துக்கொண்டிருப்பது அம்மா.

பாதை கிரவல் பாதை. கொழும்பில் வளர்ந்த நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கிரவல் என்பது செம்மண்ணும் சிறு கல்லும் கலந்தது. டிப்பரில் வரும், கியூப் கணக்கில் விப்பினம். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. எங்கட பாதைக்கு 10 அடி அகலத்தில் 4 அங்குலம் போட்டால் ஏழரைக் கியூபுக்குக் கொஞ்சம் மேல் போகும். இந்தக் கணக்கு எனக்கு ஏன் பாடம் என்றால், வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா போன் எடுக்கிற நேரமெல்லாம் "உதுக்கு மேல கொங்கிறீற்றைப் போட்டு விடுங்கோவன்" என்பார். அம்மா "பாப்பம்" என்பா. பிறகு நான் கணக்குப் பார்ப்பேன். பிறகு ஒன்றும் நடக்காது.

இப்போது கிடக்கிற கிரவல் அப்பா போட்டது. 2004 இல், சமாதான காலத்தில், ரக்ரர் பெட்டியில் ஏற்றிவந்து பறிச்சதாம். நான் அப்போது கைக்குழந்தை. 2010 இல் நாங்கள் செட்டிகுளத்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா இல்லை. கேற் இல்லை. பாதையும் இல்லை. ஆளுயரத்துக்குப் புல்லும் நாயுண்ணியும் எருக்கலையும்தான். மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வந்து பார்த்துவிட்டுப் போனபிறகும் கால் வைக்கப் பயம். அம்மா உழவாரத்தை எடுத்துக்கொண்டு குந்தியிருந்து மெல்ல மெல்லச் செருக்கினா. மண்ணில் பட்டால் ஒரு சத்தம், கிரவலில் பட்டால் வேறொரு சத்தம். 'கிறீச்' என்று கேட்கிற இடமெல்லாம் பாதை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா வீடுவரைக்கும் வழி கண்டுபிடித்தா. நானும் அக்காவும் அவவின் பின்னால், அவ செருக்கின இடத்தில் மட்டும் கால் வைத்து நடந்தோம்.

அதற்குப் பிறகு அந்தப் பாதையில் புல் நிற்க அம்மா விட்டதில்லை. புல் வளர்ந்தால் ஆளில்லாத வளவு என்று நினைப்பினம் என்பா. ஆர் நினைப்பினம் என்று கேட்டால் சொல்லமாட்டா. ஆளில்லாத வளவுக்கு எங்கட பக்கத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் 2010 இல் இருந்த முழங்கால் இப்போது அம்மாவுக்கு இல்லை. நான் கம்பஸ் போய்விட்டேன். அக்காவுக்கு வேலை. போன புரட்டாசி, ஐப்பசியில் மழை கொஞ்சம் வேளைக்கே தொடங்க, நான் லீவில் வீட்டுக்கு வந்து இறங்கியபோது பாதை பச்சைப்பசேலென்று கிடந்தது. நடுவில் சைக்கிள் போகிற ஒரு கோடு மட்டும் சிவப்பு. வந்து இறங்கிய அன்றைக்குத்தான் அந்தச் செய்தியும்: அக்காவைப் பொம்பிளை பார்க்க ஆக்கள் வருகினம். மூன்று கிழமை இருக்கிறது. வானில் வருவினமாம்.

"முதல்ல பாதையைப் பாக்க வேணும்" என்றா அம்மா. அக்காவுக்குச் சாறி எடுப்பது, பலகாரம் சுடுவது எல்லாம் இரண்டாவது.

நான் கலைப்பீடம். செய்யவேண்டிய எதையும் முதலில் வாசித்துப் பார்க்கிற வியாதி எங்களுக்கு உண்டு. கிரவலில் ஏன் புல் முளைக்கிறது என்று தேடினேன். நான் நினைத்திருந்தது, கீழே மண்ணுக்குள் கிடக்கிற விதை கல்லைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று. கோரை மாதிரிக் கிழங்கு வைக்கிற சனியன்களுக்கு அது சரி. மற்றதெல்லாம் பெரும்பாலும் மேலிருந்து வருவது. காற்றில் வருகிற தூசும், வேப்பமரத்துச் சருகு உக்கினதும் கல்லுக்கு இடையில் போய்த் தங்க, அதுவே மெல்லிசாக ஒரு மண்படை ஆகிவிடும். அதில் விதை விழும். எங்கட கிரவலில் ஏற்கனவே களிமண்ணும் கலந்திருப்பதால் ஈரம் நின்று பிடிக்கும். அதனால்தான் கீழே கறுப்புப் பொலித்தீன் விரிச்சுப் போட்டு மேலே கல்லுப் போடுகிற வேலையும் இரண்டு மூன்று வருசத்துக்குத்தான். பிறகு பொலித்தீனுக்கு மேலேயே ஒரு தோட்டம் வந்துவிடும். சருகைக் கூட்டுவதுதான் பாதி வேலை. விடிய எழும்பி அம்மா முத்தம் கூட்டுகிற கையோடு 230 அடியும் கூட்டுவது வெறும் துப்பரவுக்கு என்று இருபது வருசமாக நினைத்துக்கொண்டிருந்த பெருமை எனக்கு உண்டு.

உப்புப் போடச் சொன்னா ஒரு மாமி. கிணறு பாதையிலிருந்து இருபது அடி. மழைக்கு அந்த உப்பு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். கொதிதண்ணி ஊத்தலாம், அது உண்மையாகவே வேலை செய்யும். நெல் அவிக்கிற அன்றைக்கு மிஞ்சுகிற சுடுதண்ணியை அம்மா வாசலடியில் ஊத்துவா, சின்னக் குருத்தெல்லாம் அடுத்தநாள் சுருண்டு கிடக்கும். ஆனால் 230 அடிக்கு எத்தனை கிடாரம் கொதிக்க வைப்பது?

இரண்டு நாள் செருக்கினேன். முப்பது அடி கூட வரவில்லை. உள்ளங்கையில் கொப்புளம். மூன்றாம் நாள் பக்கத்து வளவு மாமாவிடம் போனேன். அவர் வயல் செய்கிறவர். "உதுக்கேன் பிள்ளை குத்தி முறியுறாய், ஒரு நேரத்து வேலை" என்று முதுகில் கொழுவுகிற மருந்தடிக்கிற மெசினையும் அரைப் போத்தல் களைநாசினியையும் தந்தார். கிளைபோசேற். நாளைக்கு மழை இல்லாவிட்டால் காலமை வந்து தானே அடித்துத் தருவதாகவும் சொன்னார். நான் பெரிய சாதனை செய்தவள் மாதிரி இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, போத்தலைக் கிணத்தடிச் சுவரில் வைத்தேன்.

அம்மா குசினிக்குள் இருந்து வந்தா. போத்தலைப் பார்த்தா. அவவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. முகாமில் கூட.

"ஆர் உதைக் கொண்டுவரச் சொன்னது?"

"மாமா தந்தவர். பாதைக்கு..."

"எடு. இப்ப எடு. இந்த வளவுக்குள்ள உது ஒரு இரவுக்கு நிக்கக்கூடாது."

நான் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன். கிளைபோசேற் மனிசருக்கு அவ்வளவு ஆபத்தில்லை, அது செடிகளுக்குள் நடக்கிற ஒரு வேலையைத்தான் நிப்பாட்டுகிறது, எங்கட உடம்பில் அந்த வேலையே நடப்பதில்லை என்றெல்லாம். வாசித்தது தலைக்குள் சூடாக இருந்தது. அம்மா கேட்கவில்லை. "பிள்ளை, உன்ர படிப்பெல்லாம் பிறகு சொல்லு. முதல்ல அதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்றா. குரல் நடுங்கியது. நான் திரும்பவும் சைக்கிளில் கட்டினேன். இருட்டுப்பட்டிருந்தது. மாமாவுக்கு என்ன பொய் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

அன்றிரவு சாப்பிட்டபிறகு அம்மாவே தொடங்கினா.

எங்கட சாமியறையில் ஒரு படம் இருக்கிறது. இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை. பெரியம்மா. அம்மாவின் அக்கா. 1986 இல் இருபது வயதில் காய்ச்சலில் செத்தவ என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. திவசத்துக்குப் படைக்கிறபோது அவவுக்குப் பிடிக்கும் என்று பயித்தம் பணியாரம் வைப்போம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பெரியம்மா.

"அவ மருந்து குடிச்சவ" என்றா அம்மா.

எங்கட ஊரில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற விபரீதம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. வயலுக்கு அடிப்பதும் மருந்து. ஆனால் 'மருந்து குடிச்சவ' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். சின்ன வயதில் ஆரோ ஒரு அண்ணாவைப் பற்றி அப்படிப் பெரியாக்கள் குசுகுசுக்கிறதைக் கேட்டு, மருந்து குடிச்சா சுகம் வரும்தானே, ஏன் அழுகினம் என்று நான் யோசித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. அம்மப்பா மிளகாய்த் தோட்டம் செய்த காலம். மருந்துப் போத்தல்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்குமாம். ஆரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. மண்வெட்டி மாதிரி, கடகம் மாதிரி அதுவும் ஒரு தோட்டச் சாமான். பெரியம்மாவுக்கும் அம்மப்பாவுக்கும் ஒரு பின்னேரம் வாய்த்தர்க்கம். இனிப் படித்தது போதும் என்று அவர் சொன்னாராம். அவ்வளவுதான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் சரியாகியிருக்கக்கூடிய கோபம்.

"அவவுக்குச் சாக வேணும் எண்டு இல்லைப் பிள்ளை. ஆஸ்பத்திரியில என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, என்னைக் காப்பாத்தச் சொல்லடி எண்டுதான் கேட்டவ."

அதற்குமேல் அம்மா சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு அம்மப்பா மிளகாய் வைக்கவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். எந்தப் போத்தலும் வளவுக்குள் வரவில்லை. ஆளோடு ஆள் கதைப்பதையும் குறைத்துவிட்டாராம். காலமை எழும்பி உழவாரத்தோடு கேற்றடிக்குப் போவார், வீட்டைப் பார்த்துச் செருக்கிக்கொண்டு வருவார். வாசலுக்கு வந்து சேர ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். அதற்குள் கேற்றடியில் முளைத்திருக்கும். திரும்பவும் போவார். அம்மாவின் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அவர் விட்டுப்போன வேலை.

நித்திரை வரவில்லை. போனை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்யத் தெரியும்? இலங்கையில் 1995 ஆம் ஆண்டளவில் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அதில் பெரும்பகுதி இப்படி வீட்டில் கிடந்த போத்தல்களால். பிறகு அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. சனத்தின் கவலை குறைந்தா? 1995 க்குப் பிறகு இந்த நாட்டில் என்னென்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். குறைந்ததற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற முக்கிய காரணம், மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து எடுத்தது. 1995 இல் சில, 1998 இல் எண்டோசல்பான், 2008 இலிருந்து 2011 க்குள் பரகுவாட், டைமெதோயேற், பென்தியோன். அந்தத் தடைகளால் விளைச்சல் குறையவும் இல்லை. கோபம் வந்த அந்தப் பத்து நிமிசத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் என்ன இருந்தது என்பதில்தான் கனபேரின் உயிர் தங்கியிருந்திருக்கிறது. அம்மா எந்த ஆய்வுக் கட்டுரையும் வாசித்ததில்லை. போத்தல் ஒரு இரவுக்குக்கூட நிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னா.

இதை எழுதுவதால் நான் மருந்தடிக்கிற விவசாயிகளுக்கு எதிரி இல்லை. மாமா எட்டு ஏக்கர் வயலைக் கையால் களையெடுக்க முடியாது. 2021 இல் ஒரே இரவில் எல்லா இரசாயனத்தையும் நிறுத்தி, சில மாதங்களில் திரும்பவும் அனுமதித்த கூத்தில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கிளைபோசேற்றையே 2015 இல் தடை செய்து, 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் விட்டு, 2022 இல் தடையை எடுத்தார்கள். சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்லித்தான் தடை. அந்த நோய்க்குக் காரணம் இன்னதென்று இன்றுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. ஆராய்ந்து ஒவ்வொன்றாக எடுத்த தடைக்கும், மேடையில் கைதட்டுக்காகப் போட்ட தடைக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கட நாட்டில் ஆரும் பாடமாக எடுத்ததாகத் தெரியவில்லை. வயல் வேறு, வீட்டுப் பாதை வேறு. அவ்வளவுதான் என் கட்சி.

அதோடு, அடித்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. கிளைபோசேற் இலையால் உறிஞ்சப்பட்டு வேருக்குப் போய்க் கொல்லும், மண்ணுக்குள் கிடக்கிற விதையை ஒன்றும் செய்யாது. அடித்துச் சில மணித்தியாலத்துக்குள் மழை பெய்தால் கழுவுப்பட்டும் போகும். ஐப்பசி மழையில் அடித்துவிட்டு மூன்று கிழமையால் பார்த்தால் பழையதெல்லாம் மஞ்சளாகச் செத்தும், அதற்கு நடுவில் புதுசு பச்சையாக முளைத்தும் கிடந்திருக்கும். மாப்பிளை வீட்டாருக்கு நல்ல காட்சி.

அடுத்தநாள் காலமை நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். அக்கா வேலைக்கு லீவு போட்டா. தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்காகத் தானே புல்லுப் பிடுங்குவது பற்றி அவ முதல் ஒரு மணித்தியாலம் பேசியதை எழுதினால் இந்தக் கட்டுரை பெண்ணியக் கட்டுரையாகிவிடும். (எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதுவா.)

செருக்குவதும் பிடுங்குவதும் ஒன்றில்லை. உழவாரம் கழுத்தைத்தான் வெட்டும். அறுகும் கோரையும் சிரித்துக்கொண்டு நாலு நாளில் திரும்பி வரும். மழை பெய்து அடுத்தநாள், மண் பதமாக இருக்கிற காலமையில் பிடுங்கினால் வேரோடு வரும். வெயில் ஏறிக் கிரவல் இறுகிவிட்டால் பாதியில் அறும். கோரைக்கு ஒரு பழைய ஸ்குறூ டிரைவர். பக்கத்தில் குத்திக் கிளப்பினால் கறுப்பாகச் சின்னக் கிழங்கு வரும். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்டு போய் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. ஒன்றை விட்டாலும் அது தன் குடும்பத்தைத் திரும்பக் கட்டிவிடும். மண்வெட்டியால் கொத்தினால் ஒன்று நாலாகும். எல்லாவற்றையும் எடுக்க ஏலாது. முளைக்க முளைக்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிழங்கில் இருக்கிற சாப்பாடு முடிந்து ஒருநாள் ஓயும் என்றா அம்மா. எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஓயேக்க சொல்லுறன்" என்றா.

அம்மா பிடுங்குகிறபோது இரண்டு கடகம் வைத்திருப்பா. ஒன்று எறிய. மற்றது குசினிக்கு. சாரணை, குப்பைமேனி, கீழ்க்காய்நெல்லி, ஓரத்தில் படர்ந்த முடக்கொத்தான் எல்லாம் இரண்டாவது கடகத்துக்கு. அந்தக் கிழமை முழுக்க நாங்கள் பாதையைத்தான் சாப்பிட்டோம். சாரணை வறை, முடக்கொத்தான் ரசம், இலைக்கஞ்சி. நான் களை என்று எறிந்ததை அம்மா இரண்டு தரம் குப்பைக் கடகத்திலிருந்து திரும்ப எடுத்தா. எது களை என்பதில் எங்கள் இருவருக்கும் கடைசிவரை உடன்பாடு வரவில்லை. தும்பைப் பூ சிவனுக்கு, அறுகு பிள்ளையாருக்கு, நாயுருவி பல்லு விளக்க என்று அவ ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளையோ வேலையையோ வைத்திருந்தா.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஆரும் இல்லை. பார்த்தீனியம். கேற்றடியில் வெள்ளைப் பூவோடு பத்துப் பதினைந்து நின்றது. மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. 1987 இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆடுகளோடும்தான் இது எங்கட பக்கம் வந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தமிழ்நதி அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய நாவலின் பெயரே 'பார்த்தீனியம்' தான். வடமாகாண சபை இருந்தபோது இதை ஒழிக்க ஒரு இயக்கமே நடத்தினார்கள். ஆட்டோடு வந்தது என்கிறார்கள், எங்கட ஆடு அதை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். வெறுங்கையால் பிடுங்கினால் கடி, சிலருக்கு இழுப்பும் வரும். அம்மா கையிலே ஷொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு, பூக்களை அசைக்காமல் மெதுவாகச் சரித்துப் பிடுங்கினா. ஒரு செடியில் ஆயிரக்கணக்கில் விதை. உதறினால் அடுத்த வருசத்துக்கு நாங்களே விதைத்த மாதிரி. பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, காயவிட்டு எரித்தோம். பூக்க முன்னம் பிடுங்கியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பூக்க முன்னம் நான் வீட்டில் இல்லை.

இரண்டாம் கிழமை நடுவில், முதுகு நிமிராத ஒரு பின்னேரம், அக்கா கேட்டா: "அப்பர் சுவாமி எப்பிடி உதைக் கோயில் கோயிலாச் செய்தவர்?" சமயபாடப் புத்தகத்தில் தோளில் உழவாரத்தோடு நிற்பாரே, அந்தப் படத்தை நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். "அவருக்குப் பாட்டு வரும்" என்றா அம்மா. "எங்களுக்கு வாய்தான் வருது." சிரித்தோம். சிரித்த சிரிப்போடு அம்மா, கையை நிறுத்தாமல், பெரியம்மா நல்லாப் பாடுவா என்றா. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று வந்தது. சைக்கிள் ஓடக் களவாகப் பழகினது, கிளிநொச்சிக்குப் படம் பார்க்கப் போய் அடி வாங்கினது, அம்மாவின் சட்டையில் பூப்பின்னித் தந்தது. குனிந்திருக்கிறபோது ஆள் முகம் ஆளுக்குத் தெரியாது. அப்படி இருக்கிறபோதுதான் அம்மாவுக்குக் கதைக்க வந்தது. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவா. அதனால் நானும் நிமிரவில்லை.

அவர்கள் வருகிற நாளுக்குள் 190 அடி முடிந்திருந்தது. வாசலடியிலிருந்து தொடங்கியது பிழை. கடைசி 40 அடி கேற்றடியில், வந்து இறங்குகிறவர்களின் கண்ணுக்கு நேரே. முதல்நாள் இரவு நல்ல மழை. வான் கேற்றுக்குள் திரும்பி, ஈரத்தில் சறுக்கும் என்றோ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டது. ஆறு பேரும் இறங்கி அந்த 40 அடிப் புல்லுக்குள்ளால் நடந்து வந்தார்கள். அம்மா வாசலில் நின்றபடி "ஐயோ" என்றா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மாப்பிளையின் தாய் நடுவழியில் நின்றுவிட்டா. குனிந்தா. சாறி முந்தானையைச் செருகிக்கொண்டு எதையோ பிடுங்கினா. அக்கா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு "போச்சு" என்றா. அந்த அம்மா கையில் ஒரு பிடியோடு வாசலுக்கு வந்து, இருக்கச் சொல்ல முன்னமே கேட்டா:

"தங்கச்சி, உங்கட பாதையில நல்ல கீழ்க்காய்நெல்லி நிக்குது. எங்கட பக்கம் எல்லாரும் மருந்தடிச்சு ஒண்டும் இல்லை. இவருக்கு ஈரல்ல கொஞ்சம் வருத்தம். போகேக்க பிடுங்கிக்கொண்டு போகலாமோ?"

"நான் பிடுங்கித் தாறன்" என்றா அம்மா. பிறகு, "நாங்கள் அடிக்கிறேல்ல" என்றா.

போகிறபோது இரண்டு பேரும் கேற்றடியில் குந்தியிருந்து பிடுங்கினார்கள். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. மற்றவர்கள் வானுக்குள் ஏறி இருந்துவிட்டார்கள், சாரதி இரண்டு தரம் ஹோன் அடித்தார். கலியாணம் சரிவருமா என்று கேட்காதீர்கள், சாதகம் திரும்பவும் பார்க்கிறார்களாம், அக்காவும் இன்னும் யோசிக்கிறா.

நான் ஹொஸ்டலுக்கு வந்து இப்போது ஒரு மாதம். உள்ளங்கைக் கொப்புளம் காய்ந்து தோல் உரிகிறது. நேற்று அம்மா போன் எடுத்தா. சாப்பிட்டியோ, மழையோ, பாடம் எப்படி எல்லாம் முடிந்தபிறகு, வாசலடியில் கோரை திரும்பவும் தலை காட்டுகிறது என்றா. அடுத்த லீவு எப்போது என்று கேட்டா. மார்கழிக் கடைசி என்றேன்.

"அப்ப ஸ்குறூ டிரைவர் இன்னொண்டு வாங்கிக்கொண்டு வா. பழசு வளைஞ்சுபோச்சு."